சொந்த நிலம் இருந்தால்தான் சுதந்திர மனிதனா? ஜெஃபர்சன் சொன்னதில் ஒரு சந்தேகம்

கட்டபெட்டு மாணவி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். ஊர் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி. பகலில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எடை எழுதும் வேலை, ராத்திரிதான் படிப்பு. அமெரிக்க வரலாற்றுத் தாளுக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். விடுதலைக்குப் பிறகு 50, 60 வருஷத்தில் அங்கே குடியரசு என்ற லட்சியம் என்ன ஆனது, வியாபாரமும் ஓட்டுரிமையும் பெருகப் பெருக அது எப்படி மாறியது என்பது தலைப்பு.

பாடத்தில், பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் 1780களில் எழுதிய ஒரு பகுதி வருகிறது. மண்ணில் உழைப்பவர்களே கடவுள் தேர்ந்தெடுத்த மக்கள் என்கிறார். விவசாயி தன் நிலத்தையும் தன் உழைப்பையும் நம்பி வாழ்கிறான். வாடிக்கையாளரின் தயவை நம்பி வாழ்கிறவனுக்கு அடிமைப் புத்தி வந்துவிடும், அவனை விலைக்கு வாங்கிவிடலாம் என்பது அவர் வாதம். அதனால்தான் சொத்து உள்ளவனுக்கு மட்டும் ஓட்டு என்று வைத்திருந்தார்களாம்.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பட்டா அப்பா பேரில் இருக்கிறது. ஜெஃபர்சன் கணக்குப்படி அப்பா யாருக்கும் கட்டுப்படாத ஆள். ஆனால் நடப்பது என்ன? பறித்த இலையை ஏஜென்ட் வண்டியில் ஏற்றிவிடுகிறோம். மழை நாளில் ஈரம் என்று கழிவு பிடிக்கிறார்கள். கொடுத்த இலைக்கு என்ன விலை என்பது அடுத்த மாதம்தான் தெரியும். தம்பியின் காலேஜ் ஃபீஸுக்கு ஏஜென்டிடம் அட்வான்ஸ் வாங்கினோம், அது அடையும்வரை வேறு வண்டிக்கு இலை போட வாய் வராது. பட்டா பீரோவில் பத்திரமாகத்தான் இருக்கிறது.

ஜெஃபர்சன் காலத்து விவசாயிக்கு இந்தத் தொல்லை இல்லையா? இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாரா? அப்புறம், நிலமில்லாதவர்களுக்கும் ஓட்டு வந்தபோது இந்த லட்சியம் செத்துப்போனதா, வேறு வேஷம் போட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு வாத்தியார், குன்னூர்:

கண்ணை முழுக்க மூடிக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன் அம்மா. பாதிக் கண்.

முதலில் ஓட்டு விஷயம். சொத்து உள்ளவனுக்கு மட்டும் ஓட்டு என்பதைப் பணக்காரர்களின் சூழ்ச்சி என்று புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடும். சூழ்ச்சியும் இருந்தது. ஆனால் அன்றைக்கு வர்ஜீனியாவில் ஓட்டு எப்படிப் போட்டார்கள் என்று பாருங்கள். ரகசியச் சீட்டு கிடையாது. கோர்ட்டு கட்டடத்தில் ஷெரிஃப் உட்கார்ந்திருப்பார், பக்கத்திலேயே வேட்பாளர்களும் இருப்பார்கள். பெயர் கூப்பிட்டதும் முன்னால் போய் இன்னாருக்கு என் ஓட்டு என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். எழுத்தர் குறித்துக்கொள்வார். ஓட்டு கிடைத்தவர் அங்கேயே நன்றி சொல்வார். குத்தகை நிலத்தில் குடியிருப்பவன், நிலத்துக்காரர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வேறு பெயரைச் சொல்வானா? சொல்லிவிட்டு அடுத்த வருஷம் அதே நிலத்தில் ஏர் பூட்ட முடியுமா?

ஆகவே அவர்கள் பயந்தது ஏழையைப் பார்த்து மட்டும் அல்ல, இன்னொருவன் கைப்பிடிக்குள் இருக்கும் ஏழையைப் பார்த்து. ஏழைக்கு ஓட்டுக் கொடுத்தால் அது அவன் முதலாளிக்குக் கிடைக்கும் கூடுதல் ஓட்டு என்று கணக்குப் போட்டார்கள். விடுதலைத் தலைவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸ் 1776 மே மாதம் சல்லிவன் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் சொல்கிறார்: சொத்தே இல்லாதவனுக்குச் சொந்த மனம் என்று ஒன்று இருக்க முடியாது, அதிகாரம் சொத்தின் பின்னால்தான் போகும். அவர் சொன்ன மருந்தும் அதே கடிதத்தில் இருக்கிறது. ஓட்டை நிறையப் பேருக்குக் கொடுக்க வேண்டுமா, முதலில் நிலத்தை நிறையப் பேர் கைக்குக் கொண்டுபோங்கள் என்கிறார். அதே வருஷம் ஜெஃபர்சன் வர்ஜீனியாவுக்கு எழுதிய அரசியல் சட்ட வரைவில், 50 ஏக்கர் இல்லாத ஒவ்வொருவருக்கும் 50 ஏக்கர் தர வேண்டும் என்று ஒரு பிரிவு வைத்தார். அது ஏற்கப்படவில்லை. ஏற்கப்படாத சட்டத்தை மேற்கோள் காட்டுவது எவ்வளவு சுகமான வேலை என்று வக்கீல்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. கடன்பட்ட விவசாயியை ஜெஃபர்சனுக்குத் தெரியாதா? கண்ணாடியில் தினமும் பார்த்த முகம் அது. வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டக்காரர்கள் சரக்கை லண்டன் வியாபாரிகளுக்கு அனுப்புவார்கள். விலை அங்கே தீர்மானமாகும். துணியும் நாற்காலியும் அங்கிருந்தே கடனில் வரும். 1786இல் அவரே எழுதியிருக்கிறார்: இந்தக் கடன் தகப்பனிடமிருந்து மகனுக்குத் தலைமுறை தலைமுறையாக இறங்கி, தோட்டக்காரர்களே லண்டன் கம்பெனிகளின் சொத்து மாதிரி ஆகிவிட்டார்கள் என்று. இலையைக் கொடுத்துவிட்டு விலைக்குக் காத்திருப்பவரின் மகள் நீங்கள், இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அவர் புகழ்ந்த விவசாயி கண்ணில் கண்ட விவசாயி அல்ல, அவர் வேண்டிய விவசாயி.

பூம்பாறைப் பூண்டுக்காரன்:

வாத்தியார் சார் எப்போதும் ஜெஃபர்சன் பக்கமே பேசுவார். அவருக்கு எதிர் அணியில் இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டன் பக்கமும் ஒரு ஆள் வேண்டாமா?

நான் கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போடுகிறேன். மூட்டையை இறக்குவது வடுகபட்டிச் சந்தையில். விலை என் கையில் இல்லை, உண்மைதான். அதற்காக என் நிலத்தைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொண்டு பூண்டையே தின்று வாழ முடியுமா? சந்தையை நம்பி வாழ்கிறவன் அடிமை என்றால் உலகத்தில் யாருமே மிஞ்ச மாட்டார்கள். தங்கச்சி அப்பாவுக்குக் குறை நிலம் இல்லாதது அல்ல, நியாயமான வட்டிக்குக் கடன் இல்லாதது.

ஹாமில்டனுக்கு இது புரிந்திருந்தது. 1790இல் அவர் கருவூலச் செயலாளராக இருந்தபோது நாடு போர்க்கடனில் மூழ்கிக் கிடந்தது. கடனுக்கு அரசாங்கம் எழுதிக் கொடுத்த பத்திரத்துக்கு மதிப்பே இல்லை. அவர் மாநிலங்களின் கடனையும் மத்திய அரசின் தலையில் ஏற்றி, எல்லாவற்றையும் முகமதிப்புக்கு, அதாவது பத்திரத்தில் எழுதியிருக்கும் முழுத் தொகைக்குத் தீர்ப்போம் என்றார். 1791இல் 1 கோடி டாலர் மூலதனத்தில் ஒரு தேசிய வங்கி, 20 வருஷ உரிமத்தோடு. அதே வருஷ முடிவில், ஆலைத்தொழில் வளர வேண்டும் என்று ஓர் அறிக்கை. வெளிநாட்டுச் சாமானை நம்பியிருக்கும் தேசம் எப்படிச் சுதந்திர தேசம்? ஜெஃபர்சனே 1816இல், இங்கிலாந்தோடு போர் முடிந்த பிறகு, ஆலைகள் இல்லாமல் சுயேச்சை இல்லை என்று ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். 30 வருஷம் கழித்து ஹாமில்டன் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தார், அவ்வளவுதான். கட்டுரையில் இதை விட்டுவிடாதே தங்கச்சி.

கூடலூர் லாரி:

சார், அந்தக் கோர்ட்டு வாசலில் ஓட்டுக்கு என்ன கொடுத்தார்கள்? அதையும் சொல்லுங்கள். இங்கே பிரியாணியும் குவார்ட்டரும் கொடுத்தால் ஜனநாயகமே கெட்டுப்போச்சு என்கிறீர்களே.

ஓய்வு வாத்தியார், குன்னூர்:

லாரித் தம்பி, ஜார்ஜ் வாஷிங்டன் 1758இல் வர்ஜீனியா சட்டமன்றத்துக்கு நின்றபோது ரம், பஞ்ச், ஒயின், பீர் எல்லாம் சேர்த்துச் சுமார் 160 காலன் ஊற்றியிருக்கிறார். ஜேம்ஸ் மாடிசன் கொள்கைக்காரர். 1777இல் சாராயம் ஊற்ற மாட்டேன் என்று நின்று தோற்றார். இத்தனைக்கும் ஓட்டுப் போட்டவர்கள் எல்லாம் நிலம் வைத்திருந்த கனவான்கள். வீட்டோடு 25 ஏக்கர் இருந்தால்தான் ஓட்டு.

கட்டபெட்டு மாணவி:

25 ஏக்கரா! எங்கள் ஹட்டியில் ஒருத்தருக்கும் ஓட்டு இருந்திருக்காது.

பூம்பாறை அண்ணா, நீங்கள் சொல்வது எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது. பத்திரத்தை முகமதிப்புக்குத் தீர்த்தால் அது யாருக்குப் போனது? சம்பளத்துக்குப் பதிலாக அந்தப் பத்திரம் வாங்கிய சிப்பாய்களில் பலர் கஷ்டத்தில் கால் விலைக்கும் அரைக்கால் விலைக்கும் விற்றுவிட்டார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறது. முதலில் வைத்திருந்தவனுக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று மாடிசன் வாதாடித் தோற்றாராம்.

வாத்தியார் சார், விஸ்கி வரிக் கலகம் என்று ஒரு அடிக்குறிப்பு வருகிறது. இரண்டே வரி. என் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

ஓய்வு வாத்தியார், குன்னூர்:

உண்டா என்று கேட்கிறீர்களே, உங்கள் கட்டுரையின் நடுத்தூணே அதுதான். அடிக்குறிப்பில் போட்டவரை என்னவென்று சொல்ல!

இடம் பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதி, அலெகெனி மலைகளுக்கு அந்தப் பக்கம். சின்னச் சின்ன விவசாயிகள். ரை என்ற தானியம் நன்றாக விளையும். விளைந்ததைக் கிழக்கே சந்தைக்கு எப்படிக் கொண்டுபோவது? வண்டிப் பாதை சரியில்லை, பொதிக்குதிரைதான். ஒரு குதிரை 4 புஷல் (அந்த ஊர்த் தானிய அளவு) தானியம் சுமக்கும். அதையே விஸ்கியாகக் காய்ச்சினால் 24 புஷல் தானியத்தின் சரக்கை அதே குதிரை சுமந்துவிடும். அதனால் வீட்டுக்கு வீடு சாராயம் காய்ச்சும் வாலை இல்லாவிட்டாலும் ஊருக்குச் சில இருந்தன. ரொக்கம் கண்ணில் படாத ஊர் என்பதால் விஸ்கியே காசு மாதிரி ஓடியது. கூலியையும் அதில் கொடுப்பார்கள்.

அந்தப் போர்க்கடனுக்கு வட்டி கட்டப் பணம் வேண்டுமே. 1791இல் ஹாமில்டன் விஸ்கிக்கு வரி போட்டார். ரொக்கமாகக் கட்ட வேண்டும். வருஷம் பூராவும் ஓட்டும் பெரிய வடிசாலைக்குக் காலனுக்கு விழும் வரி குறைவு. அறுவடைக்குப் பிறகு கொஞ்ச நாள் காய்ச்சும் சின்ன ஆளுக்கு அதிகம். கட்டாதவன் மேல் வழக்கு வந்தால் ஃபிலடெல்ஃபியா கோர்ட்டுக்குப் போக வேண்டும், ஏறக்குறைய 300 மைல். ஜெயித்தாலும் போய்வந்த செலவிலேயே ஆள் முடிந்தான். அந்த வரியில் கிடைத்த பணம் யாருக்குப் போனது? நீங்கள் சொன்ன அந்தப் பத்திரங்களை மலிவாக வாங்கி வைத்திருந்தவர்களுக்கு.

1794 ஜூலையில் வரி மேற்பார்வையாளர் ஜான் நெவிலின் வீட்டைக் கொளுத்தினார்கள். கலகத்தை அடக்கச் சுமார் 13,000 பேர் கொண்ட அரசாங்கப் படை புறப்பட்டது. வாஷிங்டன் பாதி வழிவரை தானே கூட வந்தார். படை போய்ச் சேர்ந்தபோது எதிர்க்க ஆள் இல்லை. இருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்து அப்புறம் மன்னிப்புக் கொடுத்தார்கள். 1802இல் ஜெஃபர்சன் ஆட்சி அந்த வரியையே எடுத்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இவர்கள் ஜெஃபர்சன் புகழ்ந்த அதே சொந்த நிலத்து விவசாயிகள். இதற்கு எட்டு வருஷம் முன்னால், 1786இல், மாசசூசெட்ஸில் கடனுக்காக நிலத்தை ஜப்தி செய்யும் கோர்ட்டுகளை மறித்து உட்கார்ந்த ஷேஸ் கலகக்காரர்களும் அப்படித்தான். நிலம் கையில் இருந்தும் பாதை, ரொக்கம், வரி, கோர்ட்டு நான்கும் அடுத்தவன் கையில். பட்டா மட்டும் ஒரு மனிதனை நிமிர்ந்து நிற்க வைக்காது என்பதை ஜெஃபர்சனைவிட இவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

பூம்பாறைப் பூண்டுக்காரன்:

அதற்கு மருந்து பாதை போடுவதுதானே சார், பாதையை வெறுப்பதா? 1825இல் ஈரி கால்வாய் திறந்ததும் 363 மைலுக்குத் தண்ணீர் வழி வந்தது. உள்நாட்டுத் தானியம் நியூயார்க் துறைமுகத்துக்கு மலிவாக வந்து இறங்கியது. வங்கி ஒழிக என்று 1832இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் இரண்டாம் தேசிய வங்கியின் உரிமத்தைப் புதுப்பிக்காமல் வீட்டோ செய்தார். சின்ன விவசாயி கை தட்டினான். அப்புறம் கண்ட கண்ட மாநில வங்கிகளும் நோட்டு அடித்தன, 1837இல் எல்லாம் கவிழ்ந்தது. அடி வாங்கியது கை தட்டியவன்தான்.

ஓய்வு வாத்தியார், குன்னூர்:

வங்கியைப் பற்றி உங்களோடு இந்த ஜென்மத்தில் ஒத்துப்போக மாட்டேன். கால்வாய்க்கு ஒத்துக்கொள்கிறேன். 1837 சரிவுக்கு வீட்டோ மட்டும் காரணம் இல்லை, இங்கிலாந்தில் பணம் இறுகியதும் பருத்தி விலை விழுந்ததும் சேர்ந்துதான். சரி, மாணவியின் இரண்டாவது கேள்வி பாக்கி இருக்கிறது. இது எனக்குச் சொந்த விஷயமும்கூட.

நான் பதுளைப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில் பிறந்தவன். இலங்கை சுதந்திரமான 1948இலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். தோட்டத் தமிழர்களின் ஓட்டுப் போய்விட்டது. அப்பாவும் அதில் ஒருவர். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, இந்த மலையில் டான்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இங்கே ஓட்டர் லிஸ்டில் பெயர் வந்ததும் அப்பா தேர்தலன்று விடிகாலையிலேயே சவரம் செய்துகொண்டு, கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு சென்ட் நிலம் கிடையாது, இருந்த வீடு தோட்டத்து வீடு. ஆடம்ஸ் பார்த்திருந்தால் இவருக்கு எங்கே சொந்த மனம் என்று கேட்டிருப்பார். யாருக்குப் போட்டார் என்று கங்காணிக்கும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை. மறைவான பெட்டியும் சீட்டும் இருந்தால் ஆடம்ஸின் பயத்தில் பாதி காணாமல் போகும்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை 1821இல் நியூயார்க் அரசியல் சட்ட மாநாட்டில் முற்றியது. நீதிபதி ஜேம்ஸ் கென்ட், மாநிலத்தின் மேலவையான செனட்டுக்காவது நில உடைமைக்காரர்கள் மட்டும் ஓட்டுப் போடட்டும் என்று மன்றாடினார். நகரம் பெருகுகிறது, நிலமில்லாத கூட்டம் ஒருநாள் விவசாயியின் சொத்தையே வரியாக உறிஞ்சிவிடும் என்றார். தோற்றார். வரி கட்டியவன், மிலிஷியா என்ற ஊர்ப்படையில் இருந்தவன், ஊர்ச் சாலைக்கு உழைத்தவன் என எல்லா வெள்ளை ஆணுக்கும் கதவு திறந்தது. 1826இல் மிச்ச நிபந்தனைகளும் போயின. அதே மாநாடு கறுப்பினத்தவருக்கு மட்டும் 250 டாலர் நிலச்சொத்து வேண்டும் என்று எழுதி வைத்தது. நியூஜெர்சி இன்னும் மோசம். அங்கே 1776 முதல் 50 பவுண்டு சொத்துள்ள பெண்களும் கறுப்பினத்தவரும் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1807இல் பறித்துவிட்டார்கள்.

வேஷம் மாறியது இங்கேதான். முன்பு, நிலம் இருப்பவன் சுதந்திரன். பிறகு, வெள்ளைத் தோலும் ஆண் உடம்பும் இருந்தால் சுதந்திரன். அவனுக்குத் தர நிலம் எங்கிருந்து வந்தது? 1785 சட்டத்தில் 640 ஏக்கர் மொத்தமாக, ஏக்கருக்குக் குறைந்தது 1 டாலர் என்று விற்றார்கள், சாதாரண ஆளால் முடியவில்லை. 1820இல் 80 ஏக்கர், 1.25 டாலர், ஆக 100 டாலர் என்று இறக்கினார்கள். ஜனநாயகம் போல்தான் தெரியும். 1830இல் பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு அப்பால் தள்ளச் சட்டம் போட்டது எதற்கென்று யோசித்தால் மறுபக்கம் தெரியும். நம்ம நீலகிரித் தோடர்களின் மேய்ச்சல் புல்வெளி யார் யார் கைக்குப் போனது என்று தெரிந்த நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டாம். இதே காலத்தில் அங்கே அடிமைகளும் பெருகினார்கள்: 1790இல் சுமார் 7 லட்சம், 1860இல் சுமார் 40 லட்சம்.

அதே சமயம், அந்த லட்சியத்தை நிஜமாகவே தூக்கிப் பிடித்தவர்கள் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இருந்தார்கள். மாசசூசெட்ஸில் லோவல் என்ற ஊரின் பருத்தி ஆலைகளில் விவசாயி வீட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள். மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும், விடுதியின் கதவு இரவு 10 மணிக்குச் சாத்திவிடும். 1834இல் கூலியைக் குறைத்ததும் சுமார் 800 பேர் வெளியே வந்தார்கள். நாங்கள் சுதந்திர மனிதர்களின் மகள்கள், எங்கள் தாத்தாக்கள் யாருக்கும் அடங்கிப் போகச் சண்டை போடவில்லை என்பது அவர்கள் பேச்சு. ஓட்டு இல்லை, நிலம் இல்லை, கென்டும் ஆடம்ஸும் சொன்ன சார்பு வாழ்க்கைதான். ஆனால் சார்ந்து நிற்பதன் அவமானத்தைப் பற்றி ஜெஃபர்சன் எழுதியது இவர்கள் வாயில்தான் அர்த்தத்தோடு வருகிறது. (அவர்கள் நூற்ற பருத்தி அடிமைகள் பறித்தது. அதையும் எழுதுங்கள்.)

ஜெஃபர்சன் 1826 ஜூலை 4 அன்று இறந்தபோது 1 லட்சம் டாலருக்கு மேல் கடன். அடுத்த ஜனவரியில் அவருடைய மான்டிசெல்லோ தோட்டத்தில் ஏலம் போட்டார்கள். மேசை நாற்காலி, மாடு கன்று, அவற்றோடு 130 மனிதர்கள்.

கட்டபெட்டு மாணவி:

ரொம்ப நன்றி சார். விஸ்கியிலிருந்து தொடங்கி லோவல் பெண்களில் முடிக்கப் போகிறேன். அடிக்குறிப்பை மேலே ஏற்றிவிட்டேன். 1837ஐப் பற்றி பூம்பாறை அண்ணாவும் நீங்களும் சண்டை போட்டு முடித்தால் அதையும் ஒரு பத்தி சேர்க்கிறேன்.

ஒரே ஒரு சின்ன சந்தேகம். ஆடம்ஸ் கடிதம் எழுதிய சல்லிவன், நம்ம கோத்தகிரி கன்னேரிமுக்கில் பங்களா கட்டின சல்லிவனுக்குச் சொந்தமா? கட்டுரையில் எழுதினால் எங்கள் ஊர்க்காரர்கள் கேட்பார்கள்.

ஓய்வு வாத்தியார், குன்னூர்:

இல்லை அம்மா. அவர் ஜேம்ஸ் சல்லிவன், மாசசூசெட்ஸ் நீதிபதி, பின்னால் அந்த மாநிலத்துக்கு ஆளுநரும் ஆனார். கடிதத்தின் தேதி 1776 மே 26. நம்ம ஜான் சல்லிவன் பிறந்ததே 1788இல். பெயரை முழுசாக எழுதிவிடுங்கள், திருத்துகிறவர் ஊட்டிக்காரராக இருந்தால் குழம்பிவிடுவார்.